ஒன்பதேகால் அடி

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, ஒடிந்த கை. தண்டலம் பக்கம் ஒரு குடோன் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தேன். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. கம்பி கட்டுகிறவனுக்கு விரல் மடங்காவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி கிளீனராக ஆந்திரா வரை போய், ஓசூரில் ஓட்டலில் மாவாட்டி, சென்ட்ரிங் கோஷ்டியோடு சேர்ந்து ஊர் ஊராகப் பலகை அடித்து, கம்பி கட்டியிருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் முழுசாக இருந்ததில்லை.

நான் விழுந்தது ஓர் இன்ஜினியரின் சைட்டில். டிப்ளமோ படித்தவர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை ஆபீஸ் வைத்து வீடுகளுக்கு பிளான் போட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்த சமயம். ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்ட வீடு கேட்டார்கள். என்னை அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. பிளான் சுருட்டி வைக்கவும் டீ வாங்கவும் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் சென்னையில் யாரோ கைகழுவிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டு வரைபடம் போடும் புரோகிராம் ஏழெட்டு பிளாப்பிகளில் கூடவே வந்தது. அதற்காக உள்ளறையில் தரைவிரிப்பு போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். டிவி மாதிரி இருந்த பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். இன்ஜினியரின் சைட்டுகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, கோயில் கட்டிட்டீங்க, உண்டியல எங்க காணோம்?" என்றார்.

அந்த மெஷினில் வேலை தெரிந்தவள் குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். பாலிடெக்னிக் முடித்தவள். அவளுக்குக் கிண்டியில் வேறு வேலை கிடைத்துவிட்டது. போவதற்குள் யாருக்காவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் இன்ஜினியர். ஆபீஸில் சும்மா இருந்தது நான் ஒருவன்தான்.

"இன்னாண்ணா, மவுஸைப் போய் கொத்தனார் கரண்டி மாதிரி புடிக்கிறீங்க? பூச்சா பூசப் போறீங்க?"

"வலது கை வராதும்மா."

"அப்போ இடது கையில புடிங்க. சாப்புடவா போறீங்க."

இடது கையில் பிடித்தேன். அம்புக்குறி ஒரு பக்கம் போகச் சொன்னால் மறுபக்கம் போனது. ஒரு நேர்கோடு போட எனக்கு ஒரு முழுக் காலை ஆனது. கட்டளைகளை இங்கிலீஷில் தட்ட வேண்டும். எனக்கு எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் தெரியாது. நாற்பது பக்க நோட்டில் அவள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கீபோர்டில் தேடித் தட்டினேன். ஓர் எழுத்து தப்பினால் மெஷின் ஒரு வரி திட்டும். என்ன திட்டுகிறது என்று தெரியாது.

சுவருக்கு அவள் ஒரு வழி காட்டினாள். நீளத்தைச் சொன்னால் ஜோடிக் கோடாகச் சுவர் விழும். "ஒம்பது இஞ்ச் சுவரு. நடுவுல நீங்க இழுக்கிற கோடு, அதுக்கு ரெண்டு பக்கமும் நாலரை நாலரை. புரிஞ்சுதாண்ணா?" என்றாள். புரிந்தது என்றேன். நடுக்கோடு எனக்கு உறுத்தவே இல்லை. பில்லர், பீம் எல்லாவற்றையும் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தே பத்து வருஷம் கம்பி கட்டியவன் நான். வேண்டுமானால் உள்முகத்தை வைத்தும் இழுக்கலாம், அதற்கு வேறோர் எழுத்தைத் தட்ட வேண்டும் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். நோட்டில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பிறகு திருப்பவில்லை.

அடுத்த வாரம் சுவருக்கு உயரம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தாள். உயரம் கொடுத்தபின் சாய்வாகப் பார்த்தால் வீடு எழுந்து நிற்கும். ஆனால் ஜன்னல் வைப்பது பெரும் பாடு. சுவரில் ஓட்டை போட மெஷினுக்குத் தெரியாது. கீழே மூன்றடிக்கு ஒரு சுவர், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலிலிருந்து ஒரு சுவர், நடுவில் ஒன்றுமே இல்லை என்று துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும். சன்ஷேடு ஒன்றைச் சுவரில் ஒட்டவைக்க மூன்று நாள் ஆனது. நேரே பார்த்தால் ஒட்டியிருக்கும். திருப்பிப் பார்த்தால் அந்தரத்தில் தொங்கும். பின்னால் மறையவேண்டிய கோடுகளை மறைக்கச் சொல்லித் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்வந்தாலும் மறைத்து முடித்திருக்காது. நடுவில் கரண்ட் போனால் அவ்வளவும் போச்சு. எத்தனை முறை போனது என்று கணக்கில்லை. கையில் வலி என்றால் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருட்டில் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதக் கடைசியில் அவள் போய்விட்டாள். "தைரியமா தட்டுங்கண்ணா, மெஷின் கடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நான் தனியாகப் போட்ட முதல் பிளான் பக்கத்துப் பென்னலூரிலிருந்து வந்த ஒரு தம்பதியினுடையது. அவர் ஒரு வார்ப்பட கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர். குடும்பம் காலம் காலமாக அங்கேயே பயிர் செய்தது. மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. இரண்டாவது பதினோரு நாள் இருந்தது. மனையடி பார்க்கிற ஒருவர் வந்து அவர்கள் படுக்கும் அறையை அளந்து, அகலம் ஒன்பதடி, ஒன்பது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனையடிக் கணக்கு தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் வீடு கட்டுவதில்லை. ஒவ்வோர் அறைக்கும் சுவருக்குச் சுவர் உள்ளளவு முழு அடியாக எத்தனை என்று பார்ப்பார்கள், மிச்ச இஞ்ச் கணக்கில் வராது. ஆறு, எட்டு, பத்து, பதினொன்று, பதினாறு, பதினேழு நல்லது. ஒன்பது, பதினைந்து கெட்டது. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: படுக்கையறை பத்துக்குப் பதினாறு, ஹால் பதினொன்றுக்குப் பதினேழு.

"மத்தபடி உங்க இஷ்டம் சார்," என்று அவர் இன்ஜினியரிடம் சொன்னார். "அந்த ரூமு மட்டும் பத்து இருக்கணும். இவ அந்த ரூமுக்குப் போயிட்டுதான் அடுத்த கொயந்தைனு கீறா."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை உண்டா என்றால், லாரி கேபினில் படுத்து வளர்ந்தவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் பத்து என்றால் பத்து போட வேண்டும் என்று தெரியும். பத்து என்று தட்டினேன். பதினாறு என்று தட்டினேன். சுவர்கள் விழுந்தன. மெஷின் தானே அம்புக்குறி போட்டு 10'-0" என்று எழுதியது. சென்னைக்கு பிளாப்பி கொண்டுபோய்ப் பெரிய தாளில் அச்செடுத்து வந்தார் இன்ஜினியர். ஒரு திருத்தல் இல்லை, ஒரு மைக்கறை இல்லை. ஊரில் அப்படி ஒரு பிளானை யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் கயிறு கட்டினார்.

சுவர் லிண்டல் மட்டம் வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். தளம் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். படுக்கையறைக் கூரையின் நட்டநடுவில் தொட்டில் கட்ட ஒரு கொக்கி வேண்டும். தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டி கான்கிரீட் போட்டுவிட வேண்டும். பிறகு அடிக்க முடியாது.

"அதையும் டிவியில காட்டுவீங்களாண்ணா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். அன்றுதான் அவள் குரலைக் கேட்டேன்.

"காட்டிடலாம்மா. அடுத்த வாரம் வாங்க."

கொக்கி எனக்குத் தெரிந்த வேலை. அரை இஞ்ச் கம்பியை எப்படி வளைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மெஷினில் வளைப்பதற்கு இரண்டு நாள் ஆனது. ஆனாலும் வந்துவிட்டது. மெஷினில் நான் செய்த பொருள்களில் பார்த்தவுடன் இன்னது என்று தெரிந்த பொருள் அது ஒன்றுதான். அதை நடுவில் மாட்ட, இடது சுவரின் உள்முகத்திலிருந்து ஐந்தடி வைத்தேன். சரிபார்க்க வலது சுவரிலிருந்து அளந்தேன். நாலேகால் என்றது.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று அழித்தேன். மறுபடி வைத்தேன். ஐந்து, நாலேகால். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். ஐந்து, நாலேகால். பிறகு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அவள் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவு, உள், வெளி என்று மூன்று எழுத்துகள். நான் பத்தடியை நடுவிலிருந்து நடுவுக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சுவர் நாலரை நாலரை உள்ளே வந்துவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பென்னலூர் போனேன். டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்தார். ஒன்பதடி மூன்று இஞ்ச். நீளவாக்கில் பதினைந்தடி மூன்று இஞ்ச்.

"மேஸ்திரி, இது இன்னா?"

"இன்னா இன்னா? நீ குடுத்த பிளானு."

"உள்ளளவு பத்து வேணும்னு உனுக்குத் தெரியாதா? எத்தினி வூடு கட்டிக்கீற?"

"கையால போட்ட பிளானா இருந்தா நானே ஒம்பது இஞ்ச் சேத்துக் கயிறு கட்டியிருப்பேன் நைனா. கேட்டுகூட இருப்பேன். இது கம்பியூட்டர்ல வந்தது, இஞ்ச் மாறாமக் கட்டுனு உங்க சார்தான் சொன்னாரு. அதும்மேல நா யாரு கை வைக்க?" டேப்பை விட்டுவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒம்பதேகாலு. பூச்சு பூசினா இன்னும் கொறையும். அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கிட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றார். பிறகு, "இடிக்க முடியாது. கடைக்காலே அங்கதான் கீது. சுவர நவுத்தினா கீழ ஒண்ணும் இல்ல. பூசி சுண்ணாம்பு அடிச்சுட்டா எவன் டேப்பு புடிக்கப்போறான்? நீ வாயத் தொறக்காத."

"அந்தம்மா கேட்டா சார்?"

"பிளான்ல பத்துனு போட்டுக்கீது இல்ல? அதக் காட்டு."

எனக்குப் போக வேறு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த சைட்டில் போய் நிற்பது? அந்த வாரம் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து வழி தேடினேன். ஒரு பக்கச் சுவரை நாலரை இஞ்சாக்கிப் பார்த்தேன், பாதிதான் கிடைத்தது. ஹால் பக்கச் சுவரைத் தள்ளிப் பார்த்தேன்; தளத்தின் பாரம் வெறும் மண்ணில் இறங்கியது. கடைசியில் எதிர்த்திசையில் போனேன். அகலவாக்கில் சுவரோரம் முழுக்க அலமாரி வைத்து எட்டடியாகக் குறைத்தேன். நீளவாக்கில் குறுக்கே ஒரு சுவர் போட்டுப் பத்தடியாகக் குறைத்தேன். எட்டுக்குப் பத்து. இரண்டும் நல்ல எண். அலமாரிக்குத் தட்டு, தட்டுக்கு விளிம்பு, கதவு, கீல் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். எனக்கு வராத வேலையெல்லாம் அந்த நாலைந்து நாளில் வந்தது. கரண்ட் போனபோது திரும்பச் செய்தேன்.

அவர்கள் வந்த அன்று இன்ஜினியர் சென்னை போயிருந்தார். இரண்டு பேரும் செருப்பை வெளியே விட்டு, கையைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றார்கள். முதலில் பழைய அறையையே காட்டினேன். பச்சைக் கோடுகளில் அறை நின்றது, கூரையில் கொக்கி தொங்கியது.

"தோ, கொக்கி பாரு," என்று அவர் சிரித்தார். "அச்சு அசலா கீது."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் தொடாமல் விரலை நீட்டினாள். "இந்தச் சுவத்துலேந்து அந்தச் சுவத்துக்குப் பத்தாண்ணா?"

பிளானைக் காட்டலாம். 10'-0" என்று அம்புக்குறியோடு இருந்தது.

"இல்லம்மா. ஒம்பதேகால்."

அவர் சிரிப்பை நிறுத்த நேரமானது. நான் சொல்லிமுடிக்கும்வரை அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தப்பு என்று சொன்னேன். நடுக்கோடு, உள்முகம் என்று விளக்கவும் ஆரம்பித்தேன். அவள் கேட்டது போலத் தெரியவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதே ஒம்பதுதானா?" என்றாள்.

அவசரமாக அலமாரி போட்ட அறையைக் காட்டினேன். எட்டு, பத்து, இரண்டும் நல்லது என்றேன். கதவைத் திறந்து காட்டும் கோட்டைக்கூடக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"சுவரு அங்கியேதான கீது? ஒம்போதுக்குள்ளாற எட்டு வெச்சா ஒம்போது போயிடுமாண்ணா?"

அலமாரியை மூடிவிட்டுப் பழைய பிளானைத் திரும்ப எடுத்தேன்.

"ஹாலு எத்தினி?" என்று அவர் ஸ்டூலிலிருந்து கேட்டார். அளந்து சொன்னேன். பதினொன்று பத்தேகால் ஆகியிருந்தது, பதினேழு பதினாறேகால். பத்தும் பதினாறும் நல்ல எண்கள். தற்செயலாக அது தப்பிவிட்டிருந்தது. "அப்ப ஹால்ல கொக்கி போட்டுடு," என்றார் அவர். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது, "நீங்களாவது சொன்னீங்களே," என்றாள். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா, வேறு எதுவாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்ஜினியர் என்னை வெளியே அனுப்பவில்லை. மெஷினைத் தொட வேறு ஆள் இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

தளம் போடுகிற அன்று காலையில் நான் பென்னலூர் போனேன். முதல் நாளே அரை இஞ்ச் கம்பியில் கொக்கியை வளைத்து வைத்திருந்தேன். இடது கையால் அடித்து, வலது கையால் அமுக்கிப் பிடித்து வளைத்தது. மேலே கம்பி கட்டி முடிந்திருந்தது. நான் கொக்கியோடு பலகைமேல் ஏறி நின்றேன். கீழே கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஆள்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். படுக்கையறை மூலையிலிருந்து கொட்டிக்கொண்டு ஹாலை நோக்கி வந்தார்கள்.

அவள் ஏணியில் பாதி ஏறி நின்றாள். கண் தளத்துக்கு மேலே தெரிந்தது.

"இன்னாம்மா, கொக்கி எங்க?" என்று மேஸ்திரி கத்தினார். "ரூமுலயா, ஹால்லயா?"

அவள் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். கான்கிரீட் பாதி மூடியிருந்தது.

"ஹால்ல போடுங்க மேஸ்திரி," என்று கீழேயிருந்து கணவர் சொன்னார்.

"ஹால்லயா?" என்றாள் அவள். "வர்றவங்க போறவங்க எல்லாரும் வெறும் கொக்கியப் பாத்துகினே இருப்பாங்களே."

"அப்ப ரூமு?"

அவள் மறுபடி படுக்கையறைப் பக்கம் திரும்பினாள்.

"சீக்கிரம் சொல்லும்மா, கலவ இறுகிடும்."

நான் ஹால் நடுவில் கம்பிமேல் குந்தி, கட்டுக்கம்பியைக் கொக்கியில் சுற்றிவைத்துக் காத்திருந்தேன். ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நானே முறுக்கிவிடலாமா என்று தோன்றியது. ஏற்கெனவே நானாக ஒன்று செய்தாகிவிட்டது. கலவை கால்விரல் வரை வந்தது. மேஸ்திரி இன்னொரு தரம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டாள்.

"நவுரு நைனா," என்றார் மேஸ்திரி. கட்டுக்கம்பியைப் பிரித்துக் கொக்கியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். நான் குந்தியிருந்த இடத்தில் இரண்டு சட்டி கொட்டி, பலகையால் தட்டிச் சமப்படுத்தினார்கள். மத்தியானத்துக்குள் தளம் முடிந்தது. எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். அவளே பரிமாறினாள், எனக்கும் போட்டாள், இன்னும் கொஞ்சம் வாங்கிக்கச் சொன்னாள்.

பொங்கலுக்கு முன்னால், போக இடம் ஒன்றும் பார்க்காமலே, நான் அந்த ஊரை விட்டேன். அதுவரை அவர்கள் புது வீட்டுக்குக் குடி போகவில்லை.